பொட்டி வாங்கப் போறீங்களா? மொதல்ல போர்டைப் பாருங்க

அப்பா கைப்பட எழுதின கணக்கு நோட்டு, கடிதாசு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன். ஒரிஜினல்ல பாதிக்கு மேல கரையான் தின்னாச்சு. மிச்சம் இந்த ஃபைலுங்கதான். அதுக்காகத்தான் வீட்டுல ஒரு சின்ன சர்வர் கட்டலாம்னு ரெண்டு மாசமா ஒரே ஆராய்ச்சி.

யாரைக் கேட்டாலும் "எத்தனை கோர்?"னுதான் ஆரம்பிக்கிறாங்க. ஃபைல் வச்சு எடுக்க நாலு கோரே தாராளம் மக்களே! எனக்கு வேண்டியது ஈ.சி.சி. மெமரி. 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலா வச்சுக்கிட்டு, ஒரு பிட் புரண்டா தானே திருத்திடும், ரெண்டு புரண்டா கத்தி ஊரைக் கூட்டும். இது ஏதோ எப்பவாவது நடக்குற சமாச்சாரம்னு நினைக்காதீங்க. கூகுள் சர்வர்களை வச்சு 2009-ல வந்த ஆய்வுப்படி, ஒரு வருஷத்துல நூத்துக்கு எட்டு மெமரி குச்சிக்கு மேல பிழை காட்டியிருக்கு.

"டிடிஆர்5-லயே ஈ.சி.சி. இருக்கே சார்"னு ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைத்தம்பி சொன்னார். அது சிப்புக்கு உள்ளேயே நடக்குற கைவைத்தியம் தம்பி. சிப்புல இருந்து ப்ராசசருக்குப் போற வழியில கெட்டுப்போனா அதுக்குத் தெரியாது.

அடுத்தது ஜாதகப் பொருத்தம். இன்டெல்ல ப்ராசசர் மட்டும் சரியா இருந்தா பத்தாது. 2015-ல வந்த ஜியான் ஈ3 வி5-க்கு சி232, சி236 சிப்செட் போர்டுதான் வேணும். 12-ம் தலைமுறை கோர்ல பல மாடலுக்கு ஈ.சி.சி. உண்டு, ஆனா டபிள்யூ680 போர்டு விலையைக் கேட்டா தலை சுத்தும். ஏ.எம்.டி.யில ஏ.எம்.4 ரைசனுக்கு அந்தத் தடை இல்லை. ஆனா கிராபிக்ஸ் சேர்ந்த மாடல்னா 'ப்ரோ'வா இருக்கணும், போர்டும் ஒத்துழைக்கணும். மேனுவலைப் பொடி எழுத்து வரைக்கும் படிங்க. சில போர்டுல 'ஈ.சி.சி. மெமரி போடலாம்'னு பெருசா போட்டுட்டு, பக்கத்துலயே 'நான்-ஈ.சி.சி. மோடில் இயங்கும்'னு எழுதியிருப்பாங்க. பெரிய சர்வர்ல இருந்து கழட்டின ரிஜிஸ்டர்டு குச்சி மலிவா கிடைக்குதேன்னு வாங்கிடாதீங்க, இதுல ஓடாது.

நெட்வொர்க் சிப்பையும் ஒரு பார்வை பாருங்க. ரியல்டெக் லினக்ஸ்ல ஓடிடும். விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ 2020-ல வந்த 7-ம் பதிப்போட பழைய டிரைவர் எல்லாத்தையும் கழட்டிவிட்டுடுச்சு.

கடைசில ஏஸ்ராக் ரேக் எக்ஸ்470டி4யூ போர்டும் ரைசன் 5 3600-ம் செகண்ட் ஹேண்ட்ல சொல்லி வச்சாச்சு. ப்ராசசர்ல கிராபிக்ஸ் கிடையாது, பரவாயில்லை. போர்டுல இருக்குற ஆஸ்பீட் சிப்பே படம் காட்டும், மாடியில இருந்தே பயாஸுக்குள்ளயும் போகலாம். (அந்த போர்ட்டை மட்டும் இன்டர்நெட் பக்கம் திறந்து விடாதீங்க சாமி!)

வந்ததும் முதல் வேலை, டிமெஸ்க்ல எடாக் வரி வருதான்னு பார்க்கணும். வரலைன்னா போர்டு திரும்பக் கடைக்கே போகும், தம்பிகிட்ட பேசிட்டேன்.