பாவும் ஊடையும்

பல்லடத்தில் காடா துணி ஓட்டியே நாற்பது வருஷம் போய்விட்டது. பேத்தி சென்னையில் தத்துவம் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தவள் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "அப்பாரு, பாவு நூலுக்கு ஏன் முறுக்கு ஜாஸ்தி?" என்றாள்.

"விழுதுலயும் அச்சுலயும் ஒரசி ஒரசி இழுபடறது அதுதானே கண்ணு. முறுக்குப் பத்தலீன்னா அந்துபோயிரும். ஊடைக்கு அந்தப் பாடு இல்ல, மெதுவா இருந்தாப் போதும்."

"பிளேட்டோவும் இதைத்தான் சொல்றாரு."

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. 2,300 வருஷத்துக்கு மேலாகிறது. ஆட்சி செய்வது எப்படி என்று எழுத வந்த அந்தக் கிரேக்க மனுஷன் தறியில் போய் உட்கார்ந்திருக்கிறார். துணிச்சலும் விறைப்பும் உள்ளவர்கள் ஸ்டேமோன், அதாவது பாவு. அடக்கமானவர்கள் குரோகே, ஊடை. இரண்டையும் சேர்த்து நெய்கிறவன்தான் ஆளத் தெரிந்தவன். இன்னொரு நூலில் பேச்சையே நெசவு என்கிறார். அதற்குச் சொல் சிம்ப்லோகே. 'மனிதன்' ஓர் இழை, 'கற்கிறான்' ஓர் இழை. தனித்தனியாக எத்தனை அடுக்கினாலும் பேச்சாகாது, கோத்தால்தான் ஆகும்.

அவருடைய சீடர் அரிஸ்டாட்டில் போனது மரக்கடைக்கு. ஹூலே என்றால் காட்டு மரம், விறகு. உலகத்துப் பொருள் எல்லாம் எதனால் ஆனதோ அதற்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார். பேச்சு, அறிவு என்று விரிகிற லோகோஸ் என்ற பெரிய சொல்லுக்குள்ளும் எண்ணிச் சேர்க்கிற கணக்கு இருக்கிறதாம். வாரா வாரம் மீட்டர் கணக்குப் போட்டே தலை நரைத்தவனுக்கு அது ஒன்றும் தூரத்துச் சொல்லாகத் தெரியவில்லை.

நம் பக்கம் மட்டும் குறைச்சலா? நன்னூல் எழுதிய பவணந்தி முனிவருக்குப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் ஊர் என்பார்கள். 13ஆம் நூற்றாண்டு. அவர் கணக்கில் சொல் பஞ்சு, புலவன் நூற்கிற பெண், வாய் அவள் கை, அறிவு கதிர். படிப்பதும் நூல், ஓட்டுவதும் நூல். பா என்றால் பாட்டு, பாவும் அதுவே. இத்தனை தெரியாமல், "நாம தறிக்காரங்க, நமக்கென்ன படிப்பு" என்றே காலத்தை ஓட்டியிருக்கிறேன்.

பேத்தி போன பிறகும் ஊடைப் பேச்சு மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. என் தம்பி மெதுவான ஆள். கூலி உயர்வுக்குத் தறியை நிறுத்தியிருந்த சமயம், நூல் கொடுக்கிறவரிடம் போய்த் தணிவாகப் பேசிவிட்டு வந்தான். "முதுகெலும்பு இல்லாத பய" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அந்த வருஷமே பாகம் பிரித்தோம். பட்டறைக்கு நடுவே சுவர் எழும்பியது. அதற்கப்புறம் ஏதாவது ரிப்பேர் என்றால்தான் அவனைக் கூப்பிடுவேன்.

அன்று ராத்திரி போன் போட்டேன்.

"என்னுங்ணா, மோட்டார்ல காயில் போயிருச்சா?" என்றான்.