மூழ்கிய ஆப்பிள் கேக்



ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு கேக் சுடுவார்கள். நம்ம பேக்கரி கேக் மாதிரி மேலே ஐசிங் ரோஜாப்பூ எல்லாம் இருக்காது. கருவாப்பட்டை, கிராம்பு, ஏலக்காய், சாதிக்காய் போட்டு மரப்பட்டை நிறத்தில் இருக்கும். அதில் ஒன்றுக்குப் பெயரே மிளகு கேக். ஆனால் பெரும்பாலும் அதில் மிளகே கிடையாது! அந்தக் காலத்தில் கப்பலில் வந்த வாசனைச் சாமான் எல்லாவற்றையும் அங்கே மிளகு என்றுதான் சொன்னார்களாம்.

இதெல்லாம் சித்தி சொன்னது. சித்தி அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் அங்கே அரசு விடுமுறை. எல்லாரும் லீவு கேட்பதால் பங்கு போட்டுத்தான் கொடுப்பார்கள். போன கிறிஸ்துமஸுக்கும் சித்திக்கு லீவு கிடைக்கவில்லை. அது இரண்டாவது வருடம். அதனால் அம்மா கோபத்தில் போனையே வாங்கவில்லை. நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

24ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால் வந்தது. அங்கே அப்போது மத்தியானம் மூன்றரை. சித்தி நைட் டியூட்டிக்குக் கொண்டுபோக ஆப்பிள் கேக் செய்துகொண்டிருந்தார்கள். வெண்ணெய், சீனி, முட்டை, மாவு எல்லாம் கலந்து தட்டில் ஊற்றியாச்சு. ஆப்பிளைப் பாதியாக வெட்டி, முதுகில் கத்தியால் விசிறி மாதிரி கீறி, மாவின் மேல் வைக்க வேண்டும். புளிப்பு ஆப்பிள்தான் நல்லதாம். அடுப்பில் 180 டிகிரியில் வேகும்போது மாவு பொங்கிச் சுற்றி எழும்பும், ஆப்பிள் உள்ளே போய்விடும். அதனால் மூழ்கிய ஆப்பிள் கேக் என்றே பெயர்.

“மக்களே, கிராம்பு எத்தனை பொடிக்கணும்னு அம்மாகிட்ட கேளு” என்றார்கள். மாவு கலந்து ஊற்றின பிறகு எதுக்குக் கேட்கிறார்கள்? எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. ஆனாலும் கேட்டேன்.

அம்மா மாறாமலையில் கிராம்பு எஸ்டேட்டில் வேலை செய்கிறார்கள். மொட்டை காம்பிலிருந்து உதிர்த்து, அது பழுப்பாகிற வரை நாலைந்து நாள் வெயிலில் காயப் போடுவார்கள். மூணு கிலோ பச்சை மொட்டு காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். கிராம்பு விஷயத்தில் அம்மாவால் சும்மா இருக்க முடியாது.

“நாலு போதும்னு சொல்லு. கூடிப்போனா நாக்கு மரத்துப்போகும்.”

சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து, “நகத்தால அமுக்கிப் பாக்கச் சொல்லு. எண்ணெ வருதா? ரெண்டு வருசம் முன்னாடி கொண்டுபோனதாக்கும்.”

“வருதுக்கா” என்று சித்தி நேராகவே கத்தினார்கள். அம்மா கை துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினார்கள். அப்புறம் எனக்குப் போனே கிடைக்கவில்லை. கேக் வெந்து வந்ததும் பார்த்துவிட்டு, “ஆப்பிள் எங்கட்டீ? முங்கிப்போச்சே!” என்று அம்மா சிரித்தார்கள். நான் எட்டி எட்டித்தான் பார்த்தேன்.

இந்த வருடம் காய்ந்த கிராம்பில் தலை உடையாததாகப் பொறுக்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தனியாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். யாருக்கு என்று கேட்டால், “படிக்கிற வேலையப் பாரு” என்கிறார்கள்.

– 9ஆம் வகுப்பு மாணவி