எனி டவுட்ஸ்?

"எனி டவுட்ஸ்?" என்று சார் கேட்டதும் உங்கள் வகுப்பில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் பெஞ்ச் நோட்டைப் பார்க்கும். கடைசி பெஞ்ச் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டும். யாரோ ஒருத்தர் எல்லாருக்கும் சேர்த்து "நோ சார்" என்று சொல்லிவிடுவார். ஸ்லைடு மாறிவிடும்.

மணி அடித்து சார் வெளியே போனதும் கவனியுங்கள். "மச்சி, அந்த மூணாவது ஸ்டெப்ல மைனஸ் எங்கேர்ந்துடா வந்துச்சு?" அந்தக் கேள்வி நாலு பெஞ்சில் ஒரே நேரத்தில் கேட்கும். பதில் சொல்ல வேண்டியவர் அப்போது படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருப்பார்.

நம்ம பசங்களுக்கு ஆர்வமே இல்லை என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. கேன்டீனில் ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசுகிறவனுக்கா வாய் இல்லை? 60 பேர் முன்னால், ஆங்கிலத்தில், தப்பே இல்லாமல், அதுவும் உடனே பேசு என்றால் யாருக்குத்தான் நாக்கு எழும்பும்?

'உடனே' என்பதை ஏற்கெனவே ஒருத்தர் அளந்து பார்த்திருக்கிறார். அமெரிக்காவைச் சேர்ந்த மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது சராசரியாக 1 விநாடிதான் என்று 1970-களில் எழுதினார். அதையே 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். நமக்கோ கேள்வியை மனசுக்குள் தமிழாக்கவே 3 விநாடி போய்விடுகிறது.

இது கிண்டல் இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. ஆனால் தமிழில் 12 வருஷம் படித்துவிட்டு, ஆங்கில வழி வகுப்பில் நேராக வந்து விழுந்தவர்கள்தான் நம்மில் நிறைய பேர். என் பெஞ்சில் அப்படி ஒரு நண்பன். முதல் செமஸ்டரில் அவனுக்கு 2 அரியர். பிளஸ் டூவில் இயற்பியலில் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கியவன், "டிஸ்கன்டினியூ பண்ணிட்டு ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன்டா" என்றான். ஹாஸ்டல் மொட்டை மாடியில் வைத்துச் சொன்னான். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக இல்லை.

அடுத்த செமஸ்டரில் ஒரு மேம் வந்தார். முதல் வாரமே போர்டில் ஒரு இரும்புத் தகடு வரைந்தார், நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. தகட்டைச் சூடாக்கினால் ஓட்டை பெரிதாகுமா, சிறிதாகுமா? "யாரும் வாயைத் திறக்கக்கூடாது. நோட்டுல எழுதுங்க" என்றார். அப்புறம் கை தூக்கச் சொன்னார். முக்கால்வாசி வகுப்பு 'சிறிதாகும்' பக்கம். இரும்பு எல்லாப் பக்கமும் விரியும், ஓட்டைக்குள்ளும் விரியும், ஆகவே ஓட்டை சுருங்கும். உங்களுக்கும் இப்போது அப்படித்தானே தோன்றுகிறது?

மேம் விடையைச் சொல்லவில்லை. "பக்கத்துல இருக்கறவங்களோட 2 நிமிஷம் சண்டை போடுங்க. எந்த பாஷையிலயும் போடலாம்."

நண்பன் என் பக்கம் திரும்பினான். "டேய், மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை எப்படி மாட்டுவாங்க தெரியுமா? பட்டையைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதா அடிப்பாங்க. வறட்டி அடுக்கித் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சுவாங்க. அப்பதான் சக்கரத்துல இறங்கும். தண்ணி ஊத்துனதும் கப்புனு புடிச்சுக்கும். ஓட்டை சுருங்குனா பட்டை எப்படிடா உள்ள போகும்?"

ஒரு சமன்பாடுகூட இல்லை. முன் பெஞ்ச் திரும்பியது, பின் பெஞ்ச் எட்டிப் பார்த்தது. இரண்டாவது தடவை கை தூக்கியபோது எங்கள் மூலை மொத்தமும் கட்சி மாறியிருந்தது. ஷாஃப்டில் பேரிங்கைச் சூடாக்கி மாட்டுவதும் இதே கணக்குதான் என்று மேம் பிறகு சொன்னார்.

இந்த முறை மேம் கண்டுபிடித்தது இல்லை. ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990-களின் தொடக்கத்திலேயே இப்படி நடத்தத் தொடங்கினார்: முதலில் தனியாக விடை, பிறகு பக்கத்து ஆளோடு விவாதம், மறுபடியும் விடை. இப்போதுதான் புரிந்துகொண்ட மாணவனுக்கு எங்கே இடறும் என்பது இன்னும் ஞாபகத்தில் இருக்கும், அதனால் பேராசிரியரைவிட அவன் நன்றாக விளக்குவான் என்பது அவர் கட்சி. எனக்கு அது சரி என்றே படுகிறது.

எல்லா வகுப்பிலும் அப்படி ஒரு மேம் வரமாட்டார். ஆனால் "நீ என்ன போட்ட?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க யாருடைய அனுமதியும் வேண்டாம். சட்டென்று பதில் சொல்லிவிடுகிற ஆளா நீங்கள்? ஒரு நாள் மட்டும் மனசுக்குள் 5 எண்ணிவிட்டுக் கையைத் தூக்கிப் பாருங்கள். அந்த இடைவெளியில் வேறு ஒரு கை எழும்பலாம்.

எங்கள் கிளாஸ் ரெப் இன்னொரு வேலையும் செய்தாள். சார்களிடம் பேசி, கடைசி 5 நிமிஷத்தில் பேர் போடாத சீட்டில் சந்தேகம் எழுதிப் போட ஒரு ஷூ பெட்டி வைத்தாள். முதல் வாரம் 4 சீட்டு. அதில் ஒன்று, "ஃபேன் ரிப்பேர் பண்ணுங்க". இப்போது பெட்டி பாதி நிறைகிறது. ஒரே சந்தேகம் 10 சீட்டில் வந்தால், சார் அடுத்த வகுப்பை அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்.

நண்பன் ஊருக்குப் போகவில்லை. அரியரில் ஒன்று முடிந்தது, இன்னொன்று பாக்கி. 60 பேர் முன்னால் எழுந்து நின்று கேட்பதெல்லாம் இன்னும் கிடையாது. ஆனால் பெட்டிக்குள் விழுகிற சீட்டுகளில் வாரம் இரண்டாவது அவனுடையது. பேர் இல்லாவிட்டால் என்ன, அந்தக் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா?