மூணு பேப்பர் கனத்துல ஒரு தரை!

உங்க காலேஜ் வொர்க்‌ஷாப் தரை என்ன கலர்? சட்டுனு சொல்லுங்க பார்ப்போம். முடியாதே! லேத்தைப் பார்த்திருப்பீங்க, லேப் அஸிஸ்டென்ட் முறைச்சதைப் பார்த்திருப்பீங்க, 'எப்படா மணி நாலாகும்'னு கடிகாரத்தை நூறு தடவை பார்த்திருப்பீங்க. தரையை யார் பார்த்தா?

நான் பார்த்தேன். அதுவும் பதினைஞ்சு நாள், முட்டி போட்டு, நிமிராம பார்த்தேன். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் முடிச்ச கையோட, மே மாச லீவுல இன்பிளான்ட் ட்ரெயினிங். கோயம்புத்தூர் கணபதி பக்கம், பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட் கடையுற ஒரு சின்ன கடைசல் பட்டறை. அஞ்சு லேத், ஒரு மில்லிங் மெஷின், மூலையில ஒரு பழைய ஷேப்பர். மொத்தம் ஏழு பேர் வேலை. 'பெரிய கம்பெனி ஏ.சி.ல ட்ரெயினிங் போகாம இங்க எதுக்கு கண்ணு வந்தே?'னு மேஸ்திரி அண்ணன் முதல் நாளே கேட்டுட்டார். பெரிய கம்பெனில கூப்பிடலைங்கண்ணாங்கிற உண்மையை அப்படியே சொல்லிட்டேன். அன்னிக்கே நாங்க ஃப்ரெண்ட்ஸ்.

நான் போன நேரம் பட்டறைத் தரைக்கு எபாக்ஸி கோட்டிங் அடிக்கப் போறாங்க. ஏன்னு கேளுங்க. கடையும்போது பால் மாதிரி ஊத்துமே கூலன்ட், அது தரையில வழிஞ்சு, மேல இரும்புச் சுருள் விழுந்து, அதுக்கு மேல மரத்தூள் போட்டு... வருஷக்கணக்கா இதேதான். போன தீபாவளிக்கு முன்னாடி சுருள் கூட்டுற அக்கா அதுல வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிஞ்சிருக்கு. ஆறு வாரம் மாவுக்கட்டு. இப்பவும் அவங்க வாளியை வலது கையிலதான் தூக்குறாங்க.

சரி, எபாக்ஸின்னா என்ன? உங்க வீட்டு அலமாரியிலேயே இருக்கும். உடைஞ்ச பொம்மையை ஒட்ட ரெண்டு ட்யூப் பசையைக் கலந்து ஒட்டுவாங்களே அப்பா, அந்த அரால்டைட்தான். ஒண்ணு ரெசின், இன்னொண்ணு ஹார்டனர். தனித்தனியா இருக்கிற வரைக்கும் ரெண்டும் சாது. சேர்ந்தா கெமிஸ்ட்ரி ஆரம்பம். 1930கள்ல சுவிட்சர்லாந்துல பியர் காஸ்டன்னு ஒருத்தர் பல்செட்டுக்குப் பொருள் தேடுனப்போ கிளம்பின சமாச்சாரம் இது. பல்லுக்குத் தேடினது, இப்ப நம்ம காலுக்குக் கீழே!

தரைக்கு அடிக்கிறதும் அதே குடும்பம்தான். ஆனா 'பெயின்ட்'னு மட்டும் நினைச்சுடாதீங்க. பெயின்ட் காயும், எபாக்ஸி இறுகும். பெயின்ட்ல தின்னர் ஆவியாப் போனா மிச்சம் நிக்கும். இதுல மூலக்கூறு ஒண்ணோட ஒண்ணு கை கோத்து வலை பின்னிக்குது. பின்னிட்டா திரும்பப் பிரிக்க முடியாது. டீசல் சிந்தினாலும் ஆயில் சிந்தினாலும் துடைச்சா போச்சு.

கேட்க ஜோரா இருக்குல்ல? அடிக்கிறது அவ்வளவு ஜோர் இல்லைங்க. வேலையில முக்கால்வாசி டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது. கான்கிரீட்டுல கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கு. எபாக்ஸி அதுக்குள்ள இறங்கி வேர் பிடிச்சாதான் நிக்கும். துளையில ஏற்கெனவே ஆயில் குடியிருந்தா? அப்பளம் மாதிரி உரிஞ்சு வந்துரும்.

அதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. செலவு பூஜ்யம். தரையில நாலு சொட்டுத் தண்ணி விடுங்க. உறிஞ்சிக்கிட்டா தரை ரெடி. தாமரை இலை மாதிரி முத்து முத்தா நின்னா உள்ள ஆயில் இருக்கு. எங்க பட்டறையில எங்க விட்டாலும் முத்துதான்! சுடுதண்ணி, டீகிரீஸர், கம்பி பிரஷ்... தேய், அள்ளு, மறுபடி தேய். மூணு தடவை. மூணாவது தடவை தண்ணி உள்ள இறங்கினப்போ மேஸ்திரி அண்ணன் விசில் அடிச்சார். ஷேப்பர் நிக்கிற மூலையில மட்டும் அஞ்சு தடவை தேய்ச்சும் முத்து முத்தாவே நின்னுது. முப்பது வருஷ ஆயில்ங்க அது, லேசுல விடுமா? அந்த மூலைக்கு எபாக்ஸி வேண்டாம், ஒரு தகரத் தட்டு செஞ்சு வெச்சிக்கலாம்னு முடிவாச்சு. எனக்கு அந்த முடிவு ரொம்பப் பிடிச்சிருந்தது. ஒட்டாதுன்னு தெரிஞ்சும் அடிச்சுட்டு, பில் போட்டுட்டுப் போற ஆளுங்க ஊர்ல நிறைய.

அப்புறம் ஆசிட் சண்டை. ஓனரோட மச்சான், 'ஆசிட் ஊத்திக் கழுவிட்டா சொரசொரப்பு தானா வரும், மெஷின் வெச்சுத் தேய்க்கறதெல்லாம் தண்டச் செலவு'ன்னார். கோட்டிங் அடிக்க வந்த பெரியவர் (அவரைப் பத்தி நிறையச் சொல்லணும், கொஞ்சம் பொறுங்க) அசையலை. 'ஆயில் இருக்கற எடத்துல ஆசிட் எறங்காதுங்க. அந்தப் பொகை உங்க லேத் பெட்டுல பட்டா ஒரே ராத்திரில துரு ஏறும்ங்க. பரவால்லீங்களா?' மச்சான் கப்சிப். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் புகையும் இரும்பும் சேர்ந்தா என்ன ஆகும்னு நாமதான் ப்ளஸ் டூல மார்க்குக்காக எழுதினோமே. அவர் எழுதலை, பார்த்திருக்கார்.

ஆக, டைமண்ட் வீல் போட்ட கிரைண்டர். அதுகூடவே வேக்குவம். லேத் மேலெல்லாம் தார்ப்பாய். கான்கிரீட் தூசி லேத் ஸ்லைடுக்குள்ள போனா மெஷின் காலி. நம்ம நுரையீரலுக்குள்ள போனாலும் அதே கதைதான். அதுல இருக்கிற நுண்ணிய சிலிக்கா உள்ளே தங்கினா சிலிகோசிஸ். வந்தா திரும்பாத வியாதி. மூஞ்சியில கர்ச்சீப் கட்டிக்கிட்டு கிரைண்டர் பிடிக்கிற யாரையாவது பார்த்தீங்கன்னா, கர்ச்சீப் அதுக்குப் பத்தாதுன்னு சொல்லுங்க. நல்ல மாஸ்க்தான் வேணும்.

அடுத்தது ஈரம். ஒண்ணரை அடி சதுரமா பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில வெச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, குறைஞ்சது 16 மணி நேரம் விடணும். மறுநாள் பிரிச்சுப் பார்த்தா, ஷீட்டுக்கு அடியில வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ கீழேருந்து ஈரம் ஏறுதுன்னு அர்த்தம். இது என் பொறுப்பு. ஆறு இடத்துல ஒட்டினேன். அஞ்சு காய்ஞ்சு கிடந்தது, பின்சுவர் ஓரத்துல ஒண்ணு வியர்த்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணித் தொட்டி, குழாய் கசிவு. அதைச் சரி பண்ணி, ரெண்டு நாள் ஃபேன் போட்டுக் காய வெச்சோம். செமஸ்டர் லேப்ல நான் எடுத்த எந்த ரீடிங்கும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

இப்ப கணக்கு. பயப்படாதீங்க, சின்னதுதான். பட்டறை 40 அடிக்கு 25 அடி, 1,000 சதுர அடி. சுமார் 93 சதுர மீட்டர். கரைப்பான் கலக்காத எபாக்ஸியா இருந்தா, ஒரு லிட்டர் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு வரும். எங்களுக்கு 300 மைக்ரான். அதாவது ஏ4 பேப்பர் மூணை அடுக்கின கனம். மொத்தமா 28 லிட்டர். தானாகவே மட்டம் பார்த்துப் பரவுமே கண்ணாடி மாதிரி தரை, அது 2 மில்லிமீட்டர் கனம்னா 186 லிட்டர் ஆகும். விலையைக் கேட்டதும் ஓனர் சேர்ல உட்கார்ந்துட்டார். மூணு பேப்பரே போதும்னார்.

பட்டறையை மொத்தமா மூடினா ஏழு பேருக்கும் ஒரு வாரக் கூலி போச்சு. மேஸ்திரி அண்ணன்தான் யோசனை சொன்னார். தரையை நடுவுல கோடு போட்டுப் பிரிச்சு, இந்தப் பாதி அடிச்சு இறுகுற வரைக்கும் அந்தப் பாதி ஓடட்டும். நடுவுல மேலேருந்து கீழ வரைக்கும் பிளாஸ்டிக் திரை. லேத் ஓடுற சத்தம் பூரா அந்தப் பக்கம், 'தூசி வரக்கூடாது'ங்கிற பயம் பூரா இந்தப் பக்கம். எந்த காலேஜ்லயும் இந்த மாதிரி ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் க்ளாஸ் எடுக்க மாட்டாங்க.

அடிக்கிறது எப்போ? வெயில் ஏறுறதுக்கு முன்னாடி விடியற்காலைல ஆரம்பிச்சுடலாம்னார் ஓனர். நியாயமாத்தான் படுது இல்லையா? பெரியவர் சாயங்காலம்னார். காலைல தரை சூடேற ஏற, துளைக்குள்ள இருக்கற காத்து விரிஞ்சு மேல வரும். ஈரமான எபாக்ஸியில கொப்புளம் கொப்புளமா ஓட்டை விழும். சாயங்காலம் தரை குளிரும்போது காத்து உள்ளே சுருங்கும், எபாக்ஸியையும் சேர்த்து உள்ளே இழுக்கும். சார்லஸ் விதியை இவ்வளவு அழகா யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனா சாயங்காலத்துல இன்னொரு வில்லன் இருக்கு, பனித்துளி. தரையோட வெப்பம் ட்யூ பாயின்ட்டைவிட 3 டிகிரியாவது கூட இருக்கணும். இல்லைன்னா ஹார்டனர் காத்துல இருக்கிற ஈரத்தோடயும் கார்பன் டை ஆக்ஸைடோடயும் சேர்ந்து, மேல மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டும். மேல அடிக்கிற அடுத்த கோட் ஒட்டாது. அன்னிக்குக் கோடை மழை வர்ற மாதிரி இருட்டிக்கிட்டு வேற வந்துச்சு. ரெண்டு தெர்மாமீட்டர், ஒண்ணோட குண்டுல ஈரப் பஞ்சு. 31, 25. கணக்குப் போட்டா ட்யூ பாயின்ட் சுமார் 23. தரை 30. 'அடிங்கண்ணா!'ன்னு கத்தினேன்.

ரெசின் மூணு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு, நாங்க வாங்கின டப்பாவுல போட்டிருந்த அளவு. சீக்கிரம் இறுகட்டும்னு ஹார்டனரைக் கூட ஊத்தற புத்திசாலிங்க உண்டு. கூட ஊத்தினது கை கோக்க ஆள் இல்லாம உள்ளேயே கிடக்கும். தரை பிசுபிசுன்னே இருக்கும். டப்பாவுல '25 டிகிரியில 40 நிமிஷம்'னு இருந்தா அதை நம்பி டீ குடிக்கப் போயிடாதீங்க. பத்து டிகிரி ஏறினா நேரம் ஏறக்குறையப் பாதி. நம்ம ஊர் மே மாசத்துக்கு அது இருபது, இருபத்தஞ்சு நிமிஷம்தான். வாளியிலேயே வெச்சிருந்தா தன் சூட்டுலயே கொதிச்சுப் புகையும். அதனால கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து, கலந்த உடனே தரையில ஊத்திப் பரப்பிடணும்.

இப்ப அந்தப் பெரியவர்.

அவர் ரோலரைத் தொடவே இல்லை. ஷட்டருக்கு வெளியே, காத்து வர்ற பக்கமா ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அங்கிருந்தே குரல் கொடுத்தார். உள்ளே அடிச்சது அவர் தம்பி. 'ஏனுங்கய்யா, உள்ளே வரலீங்களா?'ன்னேன். ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சுக் காட்டினார். ஏரி வறண்டா மண்ணு வெடிக்குமே, அப்படி இருந்துச்சு. 'பதினெட்டு வருசம் வெறுங்கைல அடிச்சேன் கண்ணு. சாயங்காலம் தின்னர் ஊத்திக் கழுவுவேன். இப்ப டப்பா தொறந்தாலே கண்ணு வீங்கிக்குது.'

இறுகாத எபாக்ஸி தோல்ல பட்டுக்கிட்டே இருந்தா உடம்பு ஒரு நாள் அதை எதிரியா எழுதி வெச்சுக்கும். அலர்ஜி. அப்புறம் துளி பட்டாலும் போதும், சிலருக்கு ஆவியே போதும். அந்த அலர்ஜி போறதில்லை, ஆயுசுக்கும். தின்னர் இன்னும் மோசம். தோல்ல இருக்கற எண்ணெய்ப் பசையை எடுத்துட்டு, எபாக்ஸிக்குக் கதவைத் திறந்துவிடும். சோப்பும் தண்ணியும் போட்டுத்தான் கழுவணும். நைட்ரைல் கையுறை போடணும், கிழிஞ்சாலோ அழுக்கானாலோ உடனே மாத்தணும். முழுசா இறுகின தரையால பெரிசா தொந்தரவு இல்லை. ஆபத்தெல்லாம் அதை அடிக்கிறவங்களுக்குத்தான்.

எஸ்டிமேட்டுல 'கையுறை, மாஸ்க்'னு தனியா ஒரு வரி இருந்ததை ஓனர் பேனாவால அடிச்சிருந்தார். 'அது உங்க செலவு தானுங்களே'ன்னு. பெரியவர் வாதாடலை. எனக்குக் காட்டின மாதிரியே அவருக்கும் கையைக் காட்டினார். ஓனர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, அடிச்ச வரிக்கு மேல மறுபடி தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்துல நின்ன நான் வாயே திறக்கலை.

கடைசிச் சண்டை பளபளப்புக்கு. பார்ட்டிங்க வந்து பார்த்தா அசந்துபோகணும், தரையில மூஞ்சி தெரியணும்னு ஓனருக்கு ஆசை. ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. வழவழப்பான எபாக்ஸி மேல கூலன்ட் சிந்தினா, பழைய சொரசொர கான்கிரீட்டைவிட மோசமா வழுக்கும். அக்கா விழுந்ததுக்காக அடிக்கிற தரை, அக்காவையே மறுபடி விழ வெக்கும். வழி இருக்கு. ஈரம் காயறதுக்குள்ள குவார்ட்ஸ் மணலைத் தூவி, மேல இன்னொரு கோட் அடிக்கணும். சொரசொரன்னு பிடிமானம் கிடைக்கும், ஆனா மாப் போட்டுத் துடைக்கறது கஷ்டம். தினம் துடைக்கப் போறவங்க யாரு? அவங்களையே கேட்போமேன்னு மேஸ்திரி அண்ணன் அக்காவைக் கூப்பிட்டார். 'தொடைக்கறது என்ற பாடு. உளுகாம இருந்தாச் சேரி'ன்னாங்க. லேத் முன்னாடி நிக்கிற இடம், நடைபாதை எல்லாம் மணல். அளவு பார்க்கிற மேஜையைச் சுத்தி மட்டும் ஓனருக்காகப் பளபளப்பு.

மறுநாள் மெதுவா நடக்கலாம். கெமிக்கல் எதுவும் சிந்தாம ஒரு வாரம் பார்த்துக்கணும். சுடச்சுட விழற இரும்புச் சுருள் தழும்பு போடும், வெல்டிங் பொறி பட்டாக் கருகும். எபாக்ஸிங்கிறது வரம் வாங்கிட்டு வந்த அசுரன் இல்லை. ரெண்டாவது பாதியும் முடிஞ்சு நான் சர்டிஃபிகேட் வாங்கக் கிளம்பினப்போ அக்கா நிறுத்தினாங்க. 'ஏங்கண்ணு, இந்த மணலு எத்தன வருசத்துக்கு நிக்கும்?'

ஸ்டூல்ல இருந்த பெரியவர்கிட்ட ஓடிப்போய்க் கேட்டேன். 'நடக்கற வழிலதான் மொதல்ல தேயும். கால் வழுக்கற மாதிரி தோணுச்சுன்னா அந்த அம்மாவையே போன் பண்ணச் சொல்லு. அந்த எடத்துக்கு மட்டும் வந்து ஒரு கோட் அடிச்சுத் தர்றோம்'னார். நம்பரை ஒரு அட்டையில பெரிசா எழுதி, மரத்தூள் டப்பா மேல ஒட்டிட்டு வந்தேன்.