ஒரு பவுண்டு தானியம்

இரண்டு மாதமாக என் மேஜையில் ஒரு பஞ்சம் உட்கார்ந்திருக்கிறது. தில்லிக் கல்லூரி ஒன்றில் சரித்திரம் கற்பிக்கிறேன். வகுப்பு, விடைத்தாள், கூட்டங்கள் போக மிஞ்சும் நேரம் முழுவதும் 1876-78இன் சென்னை மாகாணத்தில் கழிகிறது. வாரம் ஒருமுறை மெட்ரோ பிடித்து தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன். இரவில், வில்லியம் டிக்பி அந்தப் பஞ்சத்தைப் பற்றி 1878இல் வெளியிட்ட இரண்டு பாகங்கள். டிக்பி அப்போது சென்னையில் பத்திரிகை ஆசிரியர். நடந்ததை அருகிலிருந்து பார்த்தவர்.

எதைப் படித்தாலும் கடைசியில் கூலியில் வந்து நிற்கிறேன். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்ட் டெம்பிளைத் தெற்கே அனுப்பினார். நிவாரணப் பணியில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே ஓர் அணா போதும் என்றார் டெம்பிள். பெண்களுக்கு அதைவிடக் குறைவு.

இத்தனைக்கும் அவர் கல்நெஞ்சர் என்று பெயரெடுத்தவர் அல்ல. 1874இல் பிகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துத் தாராளமாக வழங்கியவர். பட்டினிச் சாவு மிகக் குறைவாக இருந்தது. பாராட்டுக்குப் பதில் ‘ஊதாரி’ என்ற வசைதான் கிடைத்தது. மூன்றே வருடத்தில் சிக்கனம் கற்றுக்கொண்டார்.

ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசில் அரிசியை நிறுத்துப் பார்த்தேன்.

“நம்ம ரெண்டு பேருக்கு ரெண்டு வேளைக்கு வரும்” என்றாள் மனைவி.

“ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இது. பத்தாதா?”

“நீங்க உக்காந்து எழுதற ஆளு. மண்ணு வெட்டறவனுக்கு எப்படிங்க பத்தும்?”

ஏறக்குறைய இதைத்தான் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அன்று அரசாங்கத்திடம் பக்கம் பக்கமாக வாதாடினார். அந்தத் தானியத்தில் கிடைப்பது சுமார் 1,600 கலோரி. கடும் உழைப்பாளிக்கு அது எந்த மூலைக்கு? நிவாரண முகாம்களில் உடல்கள் உருகுவதைக் கார்னிஷ் சுட்டிக்காட்டினார். சில மாதங்களில், 1877லேயே, அந்தக் கூலி கைவிடப்பட்டது. சாவுக்குக் கூலி ஒன்றே காரணமல்ல. மழை பொய்த்தது, விலை எகிறியது, தானியம் கப்பலேறியது. தென்னிந்தியாவிலும் தக்காணத்திலுமாக மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “சார், எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் ஆள் சாகமாட்டான் என்றுதானே கணக்குப் போட்டார்கள்? எவ்வளவு கொடுத்தால் வாழ்வான் என்று யாருமே கேட்கவில்லையா?” கார்னிஷ் கேட்டார் என்றேன். ஆனால் அவள் கேள்வி 1877ஓடு முடிகிற கேள்வியல்ல. நிவாரணம், ரேஷன், குறைந்தபட்சக் கூலி என்று பேச்சு வரும்போதெல்லாம் வயிறு நிறைந்தவர்கள் முதலில் போடுவது அந்தக் கணக்கைத்தான்.

ஆங்கிலக் கட்டுரையை முடித்து ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பிவிட்டேன். அடிக்குறிப்புகள் மட்டும் ஆறு பக்கம். அது என் பணிக்கோப்பில் ஏறும். இப்போது அதையே தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இது எந்தக் கோப்பிலும் ஏறாது. ஆனால் ஆங்கிலத்தில் வெறும் வருடக் கணக்காக இருந்தது, தமிழில் ‘தாது வருஷப் பஞ்சம்’ ஆகிவிடுகிறது. ‘நிவாரண உணவகம்’ என்றால் கட்டடம் தெரிகிறது. ‘கஞ்சித் தொட்டி’ என்றதும் கையில் சட்டியோடு நிற்கும் வரிசை தெரிகிறது. டெம்பிளின் பெயர் கோப்புகளில் பத்திரமாக இருக்கிறது. அந்த வரிசையில் நின்றவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் பேசிய மொழியிலாவது அவர்களைப் பற்றி எழுதுகிறேன்.