கிளட்ச், ஃப்ளைவீல், கொஞ்சம் கணக்கு

ரீமேப், டர்போ, சைலன்ஸர்னா உயிரை விடற நம்ம பசங்க கிளட்ச்சைப் பத்தி மட்டும் வாயே திறக்க மாட்டாங்க. சத்தம் வராது, வெளிய தெரியாது, படம் எடுத்துக் காட்ட முடியாது. ஆனா எஞ்சின்ல ஏத்தின ஒவ்வொரு நியூட்டன் மீட்டரும் இந்த ஒத்தைத் தட்டு வழியாத்தான் டயருக்குப் போயாகணும்.

சித்தப்பா பையன் கிட்ட இருக்கறது 20 வருஷப் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 1.8 லிட்டர் டர்போ. கம்பெனி கொடுத்தது 150 குதிரை, 210 நியூட்டன் மீட்டர். ரீமேப் பண்ணி டைனோவுல ஏத்தினா 290 காட்டிச்சு. தம்பிக்குக் கால் தரையில நிக்கல. அந்தக் குஷி ரெண்டே வாரம்தான். நாலாவது கியர்ல முழுசா மிதிச்சா ஆர்.பி.எம். முள் விர்ருனு ஏறுது, வண்டி வேகம் அப்படியே இருக்கு. கூடவே கருகற வாசனை. கிளட்ச் வழுக்குதுங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணாம்.

"அண்ணே, ஸ்டேஜ் 3 கிளட்ச் போட்டுடலாமா? 500 வரைக்கும் தாங்குமாம்"னான்.

இந்த ஸ்டேஜ்ங்கறது ஒரு பொது அளவே இல்லீங்க. ஒருத்தரோட 2 இன்னொருத்தரோட 3. பார்க்க வேண்டியது நாலே விஷயம்: பிரஷர் பிளேட் அழுத்தற விசை, உரசற பொருளோட பிடிமானம், தட்டோட சராசரி ஆரம், உரசற பக்கங்கள் எத்தனை. நாலையும் பெருக்கினா கிளட்ச் தாங்கற டார்க். உதாரணத்துக்கு 6000 நியூட்டன் அழுத்தம், 0.3 பிடிமானம், 0.095 மீட்டர் ஆரம், 2 பக்கம்னா 342 நியூட்டன் மீட்டர். அவனோட 290க்கு இதுவே தாராளம்.

இதுல எதை ஏத்தினாலும் ஒரு விலை உண்டு. அழுத்தத்தை ஏத்தினா பெடல் கல்லு மாதிரி ஆகும். பிடிமானத்துக்காக செராமிக் பட்டன் போட்டா, அது பாதிப் பிடியே தெரியாத சாதி. விட்டா விடும், பிடிச்சா உதறும். அந்த உதறல் நேரா கியர்பாக்ஸுக்குப் போகும். பெரிய தட்டு வேணும்னா ஃப்ளைவீலும் மாறணும். ரெட்டைத் தட்டுன்னா பர்ஸ் காலி.

இந்த வண்டிலதான் தம்பி பொண்டாட்டி தினமும் வேளச்சேரி டிராஃபிக்ல குழந்தையை ஸ்கூல்ல விடறா. ஒரு சிக்னலுக்கு இருபது தடவை கிளட்ச் மிதிக்கணும். "500 உனக்கு, முட்டி வலி அவளுக்கா?"ன்னு கேட்டேன். பையன் அமைதியாயிட்டான்.

அடுத்தது ஃப்ளைவீல். 4 கிலோ குறைச்சா வண்டி பறக்கும்னு யாரோ சொல்லிருக்காங்க. கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்த 4 கிலோ மையத்துலேர்ந்து சுமார் 12 சென்டிமீட்டர் தள்ளி இருக்குன்னு வைங்க. மொத்த கியர் விகிதம் 13 வர்ற முதல் கியர்ல, அது வண்டியிலிருந்து கிட்டத்தட்ட 108 கிலோவை இறக்கி வச்ச மாதிரி. விகிதம் 3 ஆகற அஞ்சாவது கியர்ல வெறும் 6 கிலோ. விகிதத்தோட வர்க்கத்துல போகுதே, அதான். எஞ்சினோட பவர் ஒரு குதிரை கூட ஏறாது, முடுக்கம்தான் மாறும். பதிலுக்கு ஐடிலிங் தடுமாறும், மேட்டுல நின்னு எடுக்கறப்ப ஆஃப் ஆகும். ரேஸ் டிராக்குக்கு சரி. ஸ்கூல் வாசலுக்கு?

இதுக்கு நடுவுல ஒரு லேத் பட்டறைக்காரர், "பழைய வார்ப்பிரும்பு வீல் ஒண்ணு கொண்டாங்க, கடைஞ்சு இளைச்சுத் தர்றேன்"னார். இங்க மட்டும் நான் கறாரா நின்னேன். சுழற்சி ரெண்டு மடங்கானா உலோகத்துல வர்ற இழுவிசை நாலு மடங்கு. தப்பான இடத்துல கடைஞ்ச வார்ப்பிரும்பு 6500 ஆர்.பி.எம்.ல வெடிச்சா, துண்டு பெல் ஹவுசிங்கைக் கிழிச்சுட்டு வரும். குறுக்கா எஞ்சின் வச்ச இந்த மாதிரி வண்டில அது பானெட் பக்கமும் போகலாம், ஃபயர்வாலைத் தாண்டி கால் பக்கமும் வரலாம். ரேஸ்ல ஃப்ளைவீலுக்குன்னே எஸ்.எஃப்.ஐ. 1.1னு ஒரு தரக்கட்டுப்பாடு இருக்கறது சும்மா இல்ல. லேசான வீல்தான் வேணும்னா ஸ்டீல்லயோ அலுமினியத்துலயோ அதுக்குன்னே செஞ்சதை வாங்கணும்.

கடைசில என்ன போட்டோம்? கம்பெனி கொடுத்தது ரெட்டை நிறை ஃப்ளைவீல், ஸ்பிரிங் அதுக்குள்ளயே இருக்கும். புதுசு யானை விலை. அதனால ஃபோக்ஸ்வாகன் கொராடோ ஜி60யோட ஒற்றை நிறை ஃப்ளைவீல், வி.ஆர்.6 வண்டியோட கிளட்ச் செட். இந்த எஞ்சினுக்கு உலகம் பூரா பசங்க கையாண்ட பழைய ஜோடி. ஒரு விஷயம் முக்கியம்: ஒற்றை நிறைக்கு மாறினா கிளட்ச் பிளேட்டோட நடுவுல ஸ்பிரிங் இருந்தே ஆகணும். இல்லேன்னா எஞ்சினோட அதிர்வு மொத்தமும் கியர்பாக்ஸ் தலையில. ரிலீஸ் பேரிங், கிராங்க் ஆயில் சீல், ஃப்ளைவீல் போல்ட் எல்லாம் புதுசு. கியர்பாக்ஸை இறக்கறதுதான் பெரிய கூலி, இதுல மிச்சம் பிடிக்கக் கூடாது.

முதல் 800 கிலோமீட்டர் பூ மாதிரி ஓட்டினான். இப்ப வழுக்கல் இல்ல. நியூட்ரல்ல மட்டும் கடகடன்னு ஒரு சத்தம், கிளட்ச் மிதிச்சா நின்னுடும். ஒற்றை நிறையோட குணம் அது. தம்பி பொண்டாட்டி, "பெடல் கொஞ்சம் கனமா இருக்கு, ஆனா பழகிடும்"னா. எனக்கு டைனோ ஷீட்டை விட அந்த சர்டிஃபிகேட்தான் பெருசு.

பி.கு: கிளட்ச் வாங்கப் போறவங்க "எவ்ளோ தாங்கும்?"னு கடைசியா கேளுங்க. "யார் ஓட்டறா, எங்க ஓட்டறா?" இதை முதல்ல கேளுங்க.