'வண்டு' ஏன் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது? - ஸ்ரீரங்கம் வீட்டில் ஒரு ரோபோ வைத்தியம்!

"நல்லா ஓடுது கண்ணு."

வீடு கூட்டும் ரோபோவைப் பற்றி போனில் எப்போது கேட்டாலும் அப்பாயி சொல்லும் பதில் இதுதான். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன டிசம்பரில் லீவு போட்டுவிட்டு, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலையில் ஸ்ரீரங்கத்தில் இறங்கினேன். வைகுண்ட ஏகாதசி நெருங்கிக்கொண்டிருந்தது. பகல் பத்து, ராப்பத்து நாட்களில் எங்கள் வீட்டில் பாய் விரிக்கக்கூட இடம் இருக்காது. தஞ்சாவூர் அத்தை, மதுரைப் பெரியம்மா, அவர்களுடன் வரும் யாரோ என்று கூட்டம் சேர்ந்துவிடும். அதற்குள் வீட்டைச் சுத்தம் செய்ய அப்பாயிக்கு உதவலாம் என்றுதான் வந்தேன்.

கதவைத் திறந்தால், அப்பாயி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது காலை நீட்டிக்கொண்டு, கையில் துடைப்பத்துடன், உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கூட்டிக்கொண்டிருந்தார். முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"வண்டு எங்க அப்பாயி?"

"கட்டிலுக்கடியில படுத்துருக்கு. எந்திரிக்க மாட்டேங்குது."

வண்டு என்பது அந்த ரோபோவுக்கு அப்பாயி வைத்த பெயர். தட்டையாக, வட்டமாக, ஒரு சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வாங்கி வந்தது. முதல் நாள் பார்த்த எதிர்வீட்டு அக்கா "என்னங்க, ஆமை மாதிரி இருக்கு" என்றதும் அப்பாயி முகம் மாறிவிட்டது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்களே! அன்று சாயங்காலமே 'ஞொய்ங்'கென்று சத்தம் போடுவதால் இது வண்டு என்று அறிவித்துவிட்டார்.

வந்த புதிதில் ஒரே சார்ஜில் 90 நிமிடம் ஓடும். கூடம், இரண்டு அறை, ரேழி எல்லாம் முடித்துவிட்டுத் தானே போய் ஸ்டாண்டில் ஏறிக்கொள்ளும். அன்று நான் போன் கடிகாரத்தில் பார்த்தேன். 18 நிமிடம்.

'பேட்டரி போச்சு' என்று முடிவுகட்டி, உட்கார்ந்த இடத்திலேயே போனில் தேட ஆரம்பித்தேன். கம்பெனி பேட்டரி விலையில் பாதிக்கு, பெயரே கேள்விப்படாத ஒன்று கிடைத்தது. கார்ட்டில் போட்டும்விட்டேன். பணம் கட்டும் நேரத்தில் ஓ.டி.பி. வரவில்லை. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளின் தடிச் சுவருக்கு நன்றி.

சிக்னல் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று வண்டைக் கவிழ்த்துப் போட்டேன். உருளைப் பிரஷ்ஷில் அப்பாயியின் நரைமுடி, என் கறுப்பு முடி, எல்லாவற்றுக்கும் மேல் வாழைநார். தினமும் சாமி படத்துக்குப் பூக்கட்டும் வீடாயிற்றே! நார் சுற்றிச் சுற்றி பிரஷ்ஷின் இரண்டு முனைகளும் இறுகிக் கிடந்தன. சைக்கிள் சக்கரத்தில் புடவை சிக்கியது மாதிரிதான். மோட்டார் முக்கி முனகிச் சுற்ற வேண்டியிருந்தால் கரண்ட்டை அதிகம் இழுக்கும், பேட்டரி சீக்கிரம் காலியாகும். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்ததில் ஒரு கைப்பிடி வந்தது. முன்சக்கரத்தை இழுத்துக் கழற்றினால் அதற்குள்ளும் முடி.

அடுத்து ஆப்பைத் திறந்து பார்த்தேன். உறிஞ்சும் வேகம் 'மேக்ஸ்'-இல் இருந்தது. போன முறை வந்தபோது, எவ்வளவு தூசி வருகிறது பார்க்கலாம் என்று நான்தான் மாற்றி வைத்தேன், திருப்பி வைக்க மறந்துவிட்டேன். இதை அப்பாயியிடம் சொல்லவில்லை.

மூன்றாவது விஷயம் எனக்கே புதிது. ஸ்டாண்டில் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும். வண்டின் அடியிலும் அதேபோல இரண்டு. இவை ஒன்றோடு ஒன்று தொட்டால்தான் சார்ஜ் ஏறும். எங்கள் வீட்டில் அந்தத் தகடுகளில் பச்சையாகப் பூத்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் கல்லுப்பு போட்ட தண்ணீரில் அப்பாயி தரை துடைப்பார். கண்திருஷ்டி போகும், ஈயும் வராது என்பது அவர் கணக்கு. உப்புத் தண்ணீர் பட்டால் உலோகம் அரிக்கும். ஸ்டாண்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பென்சில் அழிக்கும் ரப்பரால் நான்கு தகடுகளையும் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தேன். பளிச்சென்று ஆனது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிங்கப்பூர் பிளக்கில் முள் செவ்வகமாக இருக்கும். அதற்காக நடுவில் ஒரு அடாப்டர் போட்டிருந்தோம். லேசாகத் தொட்டாலே ஸ்டாண்ட் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. முக்குக் கடையில் இறுக்கமான வேறொரு அடாப்டர் வாங்கி மாட்டினேன்.

சாயங்காலம் வண்டு 30 நிமிடம் ஓடியது. பரவாயில்லை. ஆனால் 30 எங்கே, 90 எங்கே?

அன்று ராத்திரி பத்து மணி. கூடத்தில் பாயில் படுத்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன். அப்பாயி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து, கேஸ் சிலிண்டரை மூடி, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, கடைசியாக ஸ்டாண்டின் சுவிட்சை 'டக்'கென்று அணைத்தார்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

காலை ஐந்து மணிக்குத் தானாகக் கிளம்பும்படி வண்டுக்கு நேரம் வைத்திருந்தோம். அது அரைகுறை சார்ஜோடு கிளம்பும். சார்ஜ் குறைந்ததும் ஸ்டாண்டைத் தேடும். ஸ்டாண்ட் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டுக்கொண்டே இருக்கும். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று குரல் கொடுப்பது மாதிரி. சுவிட்ச் அணைந்திருந்தால் குரல் வராது. வண்டு வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி, கடைசியில் கட்டிலுக்கடியில் மூச்சை விட்டுவிடும். தினமும் இதுதான் நடந்திருக்கிறது.

"ஏன் அப்பாயி அணைக்கிற? கரண்ட் பில்லுக்காகவா?"

"கரண்ட்டுக்கு என்ன வந்துச்சு? நீதானே எழுதுன!"

"நான் என்ன எழுதுனேன்?"

"ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டா வெடிக்கும்னு. ஒங்க அத்தை படிச்சுக் காட்டுனா."

எழுதியிருந்தேன். வேலூரில் 2022 மார்ச்சில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் ராத்திரியில் தீப்பிடித்து அப்பாவும் மகளும் இறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கலாம். புகையில் மூச்சு முட்டித்தான் போனார்கள். அதைத் தொட்டு, 'விடிய விடிய சார்ஜ் போடுபவரா நீங்கள்?' என்று ஒரு கட்டுரை செய்தேன். தலைப்பில் கேள்விக்குறி, பக்கத்தில் தீயின் படம். எந்த பேட்டரிக்கு எவ்வளவு ஆபத்து, எதற்கு இல்லை என்பதெல்லாம் கடைசிப் பத்தியில்தான் இருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெருமையாகப் போட்டதும் நான்தான். அத்தை கடைசிப் பத்தி வரை வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்.

அப்பாயி தனியாகத் தூங்கும் வீடு அது. முட்டி மடங்காத காலோடு, ராத்திரி தீ என்றால் எழுந்து ஓட முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் வண்டைப் பட்டினி போட்டுவிட்டு, காலையில் தரையில் உட்கார்ந்து தானே கூட்டியிருக்கிறார். சித்தப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாதென்று எங்கள் எல்லோரிடமும் 'நல்லா ஓடுது'.

மறுநாள் வண்டைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினேன். "என்னம்மா, குக்கரா?" என்றார் கண்டக்டர். காவிரிப் பாலம் தாண்டி, மெயின்கார்டு கேட்டில் இறங்கி, சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு சந்தில் லேப்டாப் பேட்டரி பார்க்கும் சின்னக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி பேட்டரியை வெளியே எடுத்தார். 14.4 வோல்ட், 2600 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் உள்ளே பேனா டார்ச் செல்லை விடத் தடியாக நான்கு செல்கள். 18650 என்பார்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் பெயர்க்காரணம். பழைய லேப்டாப் பேட்டரிகளிலும் இதே ரகம்தான் இருக்கும்.

லித்தியம் அயனி செல் முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட் காட்ட வேண்டும். முந்தின ராத்திரி சுவிட்சை அணைக்க விடாமல், பச்சை விளக்கு வரும்வரை நான் பக்கத்திலேயே முழித்திருந்து சார்ஜ் ஏற்றிய பேட்டரி அது. அண்ணன் மீட்டரை வைத்தார். மூன்று செல்லில் 4.1-க்கு மேல். நான்காவதில் 3.4.

"இந்த ஒருத்தன் படுத்துட்டான். நாலு பேர் சேர்ந்து தூக்குற பல்லக்குல ஒருத்தன் உக்காந்துட்டா மத்தவன் எப்படித் தூக்குவான்? இவன் காலியான உடனே உள்ள இருக்கிற போர்டு மொத்தத்தையும் நிறுத்திடும். ரொம்ப நாள் சார்ஜ் இல்லாமக் கெடந்துச்சா?"

கிடந்தது. ஆபரேஷன் முடிந்து அப்பாயி தஞ்சாவூரில் அத்தை வீட்டில் மூன்று மாதம் இருந்தார். வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தது நான். மெயின் ஸ்விட்சை அணைத்தேனே தவிர, வண்டின் முதுகில் இருக்கும் பவர் பட்டனை அணைக்கவில்லை. லித்தியம் பேட்டரிக்கு ஆகாதது அந்தப் பட்டினிதான். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜ் வைத்து, கருவியை முழுதாக அணைத்துவிட்டுப் போக வேண்டும். மாதக்கணக்கில் ஆனால் நடுவில் ஒருமுறை ஏற்றவும் வேண்டும். வெயிலும் ஆகாது. மே மாதத் திருச்சி வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது எங்கள் ஸ்டாண்ட் மேற்குப் பார்த்த ஜன்னலடியில் இருந்தது.

"அந்த ஒரு செல்லை மட்டும் மாத்துங்களேன்" என்றேன்.

"மாத்தலாம். ஆனா பழசு மூணு, புதுசு ஒண்ணு சேராதும்மா. ஆறு மாசத்துல திரும்ப வருவ." நான் கார்ட்டில் போட்டிருந்த பாதி விலை பேட்டரியையும் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "உள்ள போர்டு இருக்கா இல்லையான்னே போடல. வயசானவங்க இருக்கிற வீடுங்கிற, இதை வாங்காத."

தீப்பிடிக்கும் என்று ஊருக்கெல்லாம் எழுதியவள், அப்பாயி படுக்கும் அறைக்குப் பக்கத்தில் வைக்க வாங்க இருந்தது அதைத்தான். அங்கேயே நின்று கார்ட்டிலிருந்து எடுத்துவிட்டு, கம்பெனி பேட்டரிக்கே சொல்லி வைத்தேன். நான்கு நாளில் வந்தது. விலையைச் சொன்னால் அப்பாயி திட்டுவார், இங்கேயும் வேண்டாம். பழையதைக் குப்பை வண்டியில் போடவில்லை. நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கும்படி அண்ணனிடமே விட்டுவிட்டேன்.

அப்பாயியிடம் உட்கார்ந்து கணக்குச் சொன்னேன். வண்டின் பேட்டரியில் இருப்பது சுமார் 37 வாட் அவர், இரண்டு செல்போன் அளவு. பல மின்சார ஸ்கூட்டர்களில் 2,000 வாட் அவருக்கு மேல், ஐம்பது மடங்குக்கும் அதிகம். நிறைந்ததும் சார்ஜை நிறுத்த உள்ளேயே ஒரு போர்டு இருக்கிறது. அதே சமயம் பேட்டரி உப்பினாலோ, கை வைக்க முடியாமல் சுட்டாலோ, வித்தியாசமாக வாடை வந்தாலோ தொடாதே, உடனே எனக்குப் போன் பண்ணு என்றும் சொன்னேன். ஆபத்தே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்பாயி பொறுமையாகக் கேட்டார். "சரி கண்ணு. ஆனா ராத்திரி அணைச்சுருவேன்."

கொஞ்சம் கோபம் வந்தது. அப்புறம் ஆப்பை எடுத்து நேரத்தை மாற்றினேன். காலை ஐந்துக்குப் பதில் ஒன்பது மணி. அப்பாயி காபி குடித்து, வாசலில் இருக்கும் நேரம். பத்தரைக்குள் கூட்டி முடித்து ஸ்டாண்டில் ஏறினால், நான்கு மணி நேரத்தில், அவர் முழித்திருக்கும்போதே சார்ஜ் நிறைந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு சுவிட்சைத் தாராளமாக அணைக்கலாம். காலை காபிக்கு அடுப்பைப் பற்ற வைக்கும்போது போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். மறக்காமல் இருக்க சுவிட்ச் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டார்.

ஸ்டாண்டை ஜன்னலடியிலிருந்து எடுத்துக் கூடத்து உள்சுவருக்கு மாற்றினேன். வெள்ளிக்கிழமை உப்புத் தண்ணீரை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. ஸ்டாண்டைச் சுற்றி ஒரு முழம் விட்டுத் துடைப்பதாக ஒப்புக்கொண்டார்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் ஆசிரியரிடம் கேட்டு அந்தப் பழைய கட்டுரையைத் திறந்தேன். கடைசிப் பத்தியை மேலே கொண்டுவந்தேன். படத்தையும் மாற்றினோம்.

ஏகாதசிக்கு அத்தையும் பெரியம்மாவும் வந்திருந்தபோது சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் வந்தார். பின்னால் வண்டு 'ஞொய்ங்'கென்று அத்தையின் பைக்குப் பின்னால் நுழைந்துகொண்டிருந்தது.

"அம்மா, ரோபோ எப்படி இருக்கு?"

"நல்லா ஓடுதுப்பா" என்றார் அப்பாயி, நாற்காலியில் உட்கார்ந்தபடி.